பிள்ளைத்தாய்ச்சியும் தடிமனும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, முன்னொருகால் என்னிடம் இலக்கணங் கற்ற மாணவி ஒருத்தி எம் வீட்டுக்கு வந்தாள். இப்பொழுது அவளும் ஓர் ஆசிரியை. அன்று ஆறு மாதக் கர்ப்பிணி. கடுந் தடிமன். மெல்லெழுத்து ஆறுக்கும் மூக்கின் உதவி வேண்டும் என்று வகுப்பில் நூறு முறை சொல்லியிருப்பேன். அதற்கு உதாரணம் அன்று எதிரே வந்து அமர்ந்தது. மூக்கடைத்தவர் வாயில் மகரம் பகரமாகும். அம்மா என்பது அப்பா என்றே விழும். இதைச் சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, உள்ளிருந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மேசைமேல் வைத்தாள். மருந்துக்கடையில் வாங்கிய தடிமன் குளிசை ஓரட்டை, பனடோல் ஓரட்டை, இருமற் பாணி ஒரு போத்தல், மாமியார் பறித்துக் கொடுத்த ஆடாதோடை இலை ஒரு பிடி, அதிமதுரத் துண்டுகள் நாலைந்து.

“ஐயா, அம்மா இதைக் குடி என்கிறா, மாமி அதைக் குடி என்கிறா. பக்கத்து வகுப்பு ரீச்சர் ஒன்றையும் தொடாதே, பிள்ளைக்குக் கூடாது என்கிறா. நான் எதைச் செய்ய?”

யான் பிராசீன பாடசாலையில் இலக்கண இலக்கியம் கற்பிப்பவன், மருத்துவனல்லேன். “பிள்ளை, இவ்வளவையும் இப்படியே கட்டிக்கொண்டு நாளைக்கு மருத்துவமாதுவிடமும் வைத்தியரிடமும் போ” என்று மட்டும் சொன்னேன். அவளும் போனாள். தடிமன் குளிசையினுள்ளும் பரசிற்றமோல் இருந்தது; அதனை அறியாது தனியே பனடோலும் விழுங்கி, ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டித்திருந்தாள். அக்குளிசையிலேயே மூக்கடைப்பை நீக்குதற்குச் சேர்த்த சூடோஎபெட்றின் என்னும் பொருளும் இருந்தது. அவளது குருதியமுக்கம் முன்னைய மாதங்களினும் உயர்ந்திருந்தமையால் வைத்தியர் அதனை உடனே நிறுத்தினார். பங்குனியிற் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

முடிவு நன்றாயிற்று. ஆயினும் “நான் எதைச் செய்ய?” என்ற அவ்வினா என்னை விட்டுப் போகவில்லை. கற்றவள், பிறருக்குக் கற்பிப்பவள், அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்குந் தெளிவுள்ளவள். அவளுக்கும் தன் மொழியிலே ஒரு நேரான விடை கிடைக்கவில்லை. கிடைத்தவை மூன்று நம்பிக்கைகள். நாட்டு மருந்து தீங்கு செய்யாது என்பது ஒன்று. கடையில் விற்பதற்கு அரசாங்கம் விட்டிருப்பதால் குளிசை தீங்கு செய்யாது என்பது மற்றொன்று. பிள்ளைத்தாய்ச்சி எதையும் தொடாது பொறுத்தலே அறம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழை என்பதே என் துணிபு. ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லைத் தனியே நிறுத்தினால் அஃது ஒரு பொருளும் தராது. எந்த மருந்து, எத்தனையாம் மாதம், எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றோடு சேர்ந்தே அது பொருள்படும். காலங் காட்டாத வினைமுற்றைப் போல, மாதங் காட்டாத மருந்துரையும் குறையுடையதே.

முதலில் நோயை அறிதல் வேண்டும். தடிமன் என்று ஈழத்தார் சொல்வதைத் தமிழகத்தார் சளி பிடித்தல் என்றும் சலதோஷம் என்றும் கூறுவர். (தடிமன் என்று அங்கே சொன்னால் புத்தகத்தின் பருமனைக் கேட்கின்றோம் என எண்ணுவர்.) இஃது வைரசு என்னும் நுண்கிருமிகளால் வருவது, பெரும்பாலும் ஏழு முதற் பத்து நாளில் தானே தணியும். ஆதலால் இதற்கு அன்ரிபயோற்றிக் வேண்டுமென்று வைத்தியரை வற்புறுத்துவதிற் பயனில்லை. அம்மருந்து பற்றீரியாவைக் கொல்லுமேயன்றி வைரசைத் தீண்டாது.

இனி, பலரறியாத செய்தி ஒன்றுண்டு. கர்ப்பிணியின் மூக்கடைப்பெல்லாம் தடிமனன்று. கர்ப்பகாலத்தில் உடலில் குருதியின் அளவு பெருகுகின்றது, ஓமோன்கள் மிகுகின்றன, அவற்றால் மூக்கினுட் சவ்வும் வீங்கித் தடிக்கின்றது. காய்ச்சலில்லை, தொண்டைநோவில்லை, மூக்கு மட்டும் வாரக்கணக்காக அடைத்தே கிடக்கும். ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இந்நிலை உண்டாகும் என மருத்துவர் கணிக்கின்றனர். பிள்ளை பிறந்து இரு வாரத்துள் இது மறைந்துவிடும். இதனைத் தடிமன் என்று எண்ணி, ‘இன்னும் விடவில்லையே’ என்று மருந்தின்மேல் மருந்தாக அடுக்கும் தாய்மாரை எண்ணுந்தோறும் எனக்கு இரக்கமுண்டாகிறது. நோயின் பெயர் பிழைத்தமையால் வந்த வினையன்றோ அது!

மாமியார் தந்த ஆடாதோடைக்கு வருவோம். இருமலுக்கும் சளிக்கும் நம்மவர் தொன்றுதொட்டு அவித்துக் குடிக்கும் இலை அது. அதன் குணம் வெறுங் கற்பனையுமன்று. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை ஆராய்ந்தே, சளியை இளக்கும் புறோம்ஹெக்சின் என்ற மருந்தை மேலைநாட்டார் ஆக்கினர். ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பும் உடையது என்பது விலங்குகளில் நிகழ்த்திய சோதனைகளாற் புலப்பட்டுள்ளது. மகப்பேற்றை விரைவுபடுத்தற்கு இச்செடியைப் பயன்படுத்தும் வழக்கமும் இந்திய நாட்டில் இருந்ததுண்டு. பேற்றின்போது உதவக்கூடிய அக்குணமே ஆறாம் மாதத்தில் பகையாகும். மாமியார் கொடுத்தது அன்பினால், அதில் ஐயமில்லை. அன்பு இலையின் குணத்தை மாற்றாது.

அதிமதுரமும் அத்தகையதே. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளாத வீடு நம்மிடையே அரிது. அதில் கிளிசிறைசின் என்னும் இனிப்புச் சத்துண்டு. அது மிகுந்தால் உடலில் பொற்றாசியம் குறையும், குருதியமுக்கம் ஏறும். பின்லாந்து நாட்டார் அதிமதுரத்தாற் செய்த தின்பண்டத்தை மிக விரும்பியுண்பவர். அங்கே எல்சிங்கியில் நிகழ்ந்து 2017 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கர்ப்பகாலத்தில் வாரத்துக்கு 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கிளிசிறைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள், பன்னிரண்டு வயதளவில் அறிவுத்திறச் சோதனைகளிற் பின்தங்கியிருந்தனர் எனக் காட்டிற்று. ஒரு சிறு துண்டினால் இவ்வளவுந் நேர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாடோறும் அவித்துக் குடிப்பது வேறு. பல மூலிகை சேர்த்துப் பொட்டலமாக விற்கும் குடிநீர்களை வாங்குவோர், உறையிலுள்ள பெயர்களுள் இவ்விரண்டும் உண்டோ என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

இவ்வாறு எழுதுவதால் நம் மருத்துவ மரபைப் பழிக்கின்றேன் என்று எவரும் சினங்கொள்ளற்க. மரபு அறியாது பேசுவோரையே பழிக்கின்றேன். திருக்குறளின் மருந்ததிகாரம் நோயாளியின் நிலையையும் நோயின் மிகுதி குறைவையும் பருவத்தையும் ஆராய்ந்தே சிகிச்சை செய்க என்கின்றது. மருந்தை மட்டுங் கண்டு கொடுக்கச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களை உடைய நாடு இது. என் சிறுவயதில் எங்களூர்ப் பரியாரியார் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ முறை இருந்திருக்கின்றேன். பெண்ணொருத்தி மருந்துக்கு வந்தால் அவர் கேட்கும் முதற் கேள்வி, “முழுகாமல் இருக்கிறியோ பிள்ளை? எத்தனை மாதம்?” என்பதே. பரியாரியார் மறைந்தார். அவர் கேட்ட கேள்வியும் மறைந்தது. இலை மட்டும் வேலியில் எஞ்சி நிற்கின்றது.

ஆங்கில மருந்தை நம்புவோர்க்கும் ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். 1957 ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் தலிடொமைட் என்னும் மருந்து கடைக்கு வந்தது. நித்திரைக்கும் மசக்கைக்கும் கொடுத்தனர். தடிமன், இருமல், தலையிடிக்கான சேர்மருந்துகளிலுங் கலந்தனர். சிறிதுந் தீங்கில்லாதது என்பதே அதன் விளம்பரம். 1961 இல் அதனை மீட்டுக்கொள்வதற்குள், கைகால் குறைந்த பிள்ளைகள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பல நாடுகளிற் பிறந்துவிட்டனர். கர்ப்பிணிக்கு மருந்து கொடுப்பதில் இன்று உலகம் காட்டும் எச்சரிக்கையெல்லாம் அப்பிள்ளைகள் விலைகொடுத்து வாங்கித் தந்தவை.

இன்றைய தடிமன் குளிசைகளிற் கவனிக்க வேண்டியவை சில. சூடோஎபெட்றின் குருதிக்குழாய்களைச் சுருக்கியே மூக்கைத் திறக்கின்றது. அச்சுருக்கம் மூக்கோடு நில்லாது. முதல் மூன்று மாதத்தில் அதனை விலக்குமாறும், குருதியமுக்கம் உள்ளோர் எக்காலத்தும் விலக்குமாறும் வைத்தியர் கூறுவர். பெனைலெப்றின் என்ற மற்றொன்று பல குளிசைகளில் உண்டு. வாயால் உட்கொள்ளும் பெனைலெப்றின் மூக்கடைப்பை நீக்குவதேயில்லை என்று 2023 செத்தெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக்குழு ஒருமுகமாக முடிவுசெய்தது. பயனற்றதென்று கண்டபின் அதைக் கர்ப்பிணி ஏன் விழுங்க வேண்டும்? நோவுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் இபுபுறோபன், டைக்கிளோபினக் என்பவற்றை இருபதாம் வாரத்தின்பின் விலக்குமாறு அந்நிருவாகம் 2020 இல் எச்சரித்தது. அவை சிசுவின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மூன்று மாதத்தில் சிசுவின் இருதயத்தருகேயுள்ள குருதிக்குழாயொன்று முற்கூட்டியே மூடிக்கொள்ளவும் அவை ஏதுவாகும். (வைத்தியர் குறைந்த அளவில் அசுப்பிரின் எழுதிக் கொடுத்திருப்பின் அது வேறு நோக்கத்துக்கு, இதைப் படித்துவிட்டு எவரும் அதை நிறுத்தலாகாது.) மூக்கிற் பீச்சும் மருந்துகளுள் சைலோமெற்றசோலின் போன்றவற்றை வைத்தியர் சொன்னால் இரண்டு மூன்று நாளைக்குப் பயன்படுத்தலாம், அதற்குமேல் நீடித்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். பிரிற்றன் என்று நம்மூரில் வழங்கும் குளோர்பெனிரமின் நெடுங்காலம் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகிய மருந்து. தும்மலும் மூக்கொழுக்கும் மிகுந்தால் வைத்தியர் அதை எழுதுவதுண்டு. தூக்கம் வரும், பாடசாலைக்குப் போகுமுன் விழுங்கினால் வகுப்பிற் கண்ணயர நேரும்.

பரசிற்றமோலைப் பற்றி அண்மையில் எழுந்த கலக்கம் வாசகர் பலர் காதுக்கு எட்டியிருக்கும். 2025 செத்தெம்பரில் அமெரிக்க அரசாங்கம், கர்ப்பகாலத்தில் அதனை உட்கொள்வதற்கும் பிள்ளைகளுக்கு வரும் ஓட்டிசம் என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அறிவித்தது. அதற்கு உறுதியான சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சில நாளில் மறுத்தது. 2024 இல் சுவீடனிலிருந்து வெளியான, இருபத்துநான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த ஆய்வில், ஒரே தாய் வயிற்றுச் சகோதரரைத் தம்முள் ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பெதுவும் காணப்படவில்லை. மறுபுறத்தே, முதன் மாதங்களில் தாய்க்கு வரும் கடுங் காய்ச்சல் தணியாதிருத்தலே சிசுவின் முள்ளந்தண்டு உருவாவதற்கு ஊறு செய்யக்கூடும். ஆகவே காய்ச்சலும் நோவும் இருக்கும்போது பரசிற்றமோல் இன்னும் கர்ப்பிணிக்கு முதல் மருந்தாகவே நிற்கின்றது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு; நான்கு மணி நேரமேனும் இடைவிட்டு; ஒரு நாளில் எட்டுக்கு மேலன்று; வேண்டிய நாளளவு மட்டும். மூக்கு மட்டும் அடைத்திருக்கப் பனடோல் விழுங்குவதில் பொருளில்லை, அது மூக்கைத் திறவாது. வேறு குளிசைகளில் அது மறைந்திருப்பதையும் எண்ணிக் கணக்கிடல் வேண்டும். என் மாணவி வழுக்கியது இவ்விடத்திலே.

இவ்வளவும் விலக்கினால் எஞ்சுவது யாது என்று கேட்கலாம். எஞ்சுவது நிறைய உண்டு. மிக எளியது, செலவுமற்றது.

உப்புநீரே இவற்றுட் சிறந்தது. அரை லீற்றர் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்க. உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மூக்கில் இழுத்துச் சிந்தலாம், துளியாகவும் விடலாம். நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யினும் தீங்கில்லை, எந்த மாதமாயினுஞ் செய்யலாம். கொதியாத கிணற்றுநீரை மாத்திரம் மூக்கினுள் விடலாகாது. நாளுக்கு நாள் புதிதாகச் செய்துகொள்வது முறை. கர்ப்பத்தால் வரும் மூக்கடைப்புக்கும் இதுவே முதல் உதவி. இரவில் தலைப்புறத்தை இரண்டு தலையணையால் உயர்த்தி, இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால் மூச்சு இலகுவாகும்.

வேது பிடித்தல் நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அது நோயைக் குறைப்பதில்லை, ஆனால் சிறிது நேரம் சுகந் தரும். கொதிக்கும் பானையை மடியருகே வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு வேது பிடித்தவர் மேற் பானை சரிந்து வெந்த நிகழ்ச்சி என் உறவினர் வீடொன்றிலேயே உண்டு. வயிறு முன்தள்ளிய நிலையில் விரைந்து எழும்பவும் இயலாது. மேசைமேல் அகன்ற பாத்திரத்தில் அடுப்பிலிருந்து இறக்கிச் சிறிது ஆறிய நீரை வைத்து, கதிரையில் இருந்துகொண்டு, தனியே இல்லாத வேளையில், ஐந்து நிமிடம் முகத்தைக் காட்டினாற் போதும். கருப்பூரத்தை அதிலிடுதல் வேண்டா. அதனை வாயாலுண்பது நஞ்சு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த நீரைப் பற்றி அம்மா சொன்னது சரியே. கறிக்கு இடும் அளவினவாகிய பொருள்கள் அவை. ஒரு கோப்பை இளஞ்சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதம், உடலுக்கு நீரும் சேரும். சூரணமாகவும் குளிகையாகவும் செறித்து விற்கும் இஞ்சிச் சத்தை அதனோடு ஒப்பிடலாகாது. இருமலுக்கு ஒரு கரண்டித் தேன் நன்று. கர்ப்பிணிக்கு அதில் தடையில்லை, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கே அது ஆகாது. மிளகிரசமும் கஞ்சியும் எக்காலத்தும் நம்முடையவை.

ஆயினும் தடிமன் என்று இருந்துவிடலாகாத வேளைகளும் உள. காய்ச்சல் கண்டால், அதிலும் மாரிகாலத்திற் கண்டால், ஈழத்தில் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் ஓரிலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அக்காய்ச்சலுக்கு ஆளாயினர். கர்ப்பிணிக்குக் காய்ச்சலென்றால் மூன்றாம் நாள்வரை பார்ப்போம் என்றிராது முதல் நாளே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். டெங்கில் இபுபுறோபன் போன்றவை குருதிப்பெருக்கை உண்டாக்கும். இன்புளுவென்சா என்னுங் காய்ச்சலும் கர்ப்பிணியை ஏனையோரினும் கடுமையாகத் தாக்கும். 2009 இல் பரவிய நோயில் அது தெளிவாகக் காணப்பட்டது. அதற்குத் தடுப்பூசி உண்டு. கர்ப்பத்தின் எம்மாதத்திலும் இடலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, சளியிற் குருதி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் இரவு பகல் பார்த்தலாகாது.

மேற்சொன்னவற்றுள் ஒன்றும் இரகசியமன்று. எல்லாம் ஆங்கிலத்தில் உள. அட்டையிலும் பெட்டியிலும் பொடி எழுத்தில் உள. என் மாணவி கொண்டுவந்த பெட்டியில் மருந்தின் பெயர் முதல் எச்சரிக்கை ஈறாக ஒரு தமிழெழுத்தும் இல்லை. இவ்விடத்து ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணாக்கர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிள்ளைப்பேற்று மருத்துவ நூலும் அவற்றுள் ஒன்று. அந்நியர் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இயலும் என்று செய்து காட்டியதை, பண்டிதர் என்று பட்டம் பெற்றிருக்கும் நாம் ஒரு மருந்துப்பெட்டியளவிற்கூடத் தொடரவில்லை. பழிக்கும் விரலை வேறெவர்பாலும் நீட்டேன்; வெண்பாவுக்குத் தளை பார்க்குங் கண் நம்முடையதே.

ஆதலின் இவ்வாண்டு என் மேல்வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக அப்பெட்டியின் உறைத்தாளையே கொடுத்தேன். மருந்துப் பெயர்களை ஒருவாறு எழுதினர். ஒரு வாக்கியத்தில் அனைவரும் இடறினர். கர்ப்பகாலத்தில் இம்மருந்தினால் வரும் நன்மை அதனால் வரக்கூடிய தீமையை விஞ்சினாலன்றிக் கொடுக்கலாகாது என்ற கருத்துடைய வாக்கியம் அது. ஒரு மாணவன் ‘கர்ப்பிணிகள் தேவையானாற் குடிக்கலாம்’ என்று எழுதினான். அவனருகே இருந்த மாணவி ‘கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது’ என்று எழுதினாள். ஒரே வாக்கியம்! என் மாணவியின் மாமியாரும் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் அவ்விரு விடைத்தாளிலும் எதிரெதிரே நிற்கக் கண்டேன்.

கரும்பலகையில் யான் எழுதியது இது: ‘தீங்கினும் நன்மை மிகும் என்று வைத்தியர் கண்டு சொன்னாலன்றிக் கர்ப்பிணி இதனை உட்கொள்ளற்க.’ சற்றுக் கடினமாயிருக்கிறது என்று மாணவர் முணுமுணுத்தனர். அவர் சொல்வதும் மெய். வீட்டிலுள்ள பாட்டியும் ஒருமுறை கேட்ட அளவில் விளங்கிக்கொள்ளத்தக்க வாக்கியம் அறிந்தோர் இப்பகுதிக்கு எழுதுவாராக.